அங்க அடையாளம் எழுதுகிற ஜெபதாஸ்

எச்சில் தொட்ட கட்டைவிரலைப் பையனின் முழங்கைக்குக் கீழே வைத்து ஜெபதாஸ் தேய்த்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாம் தடவை கொஞ்சம் அழுத்தியே. கறுப்பு மச்சம் இருந்த இடத்திலேயே இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, மோந்து பார்க்காத குறையாகப் பார்த்தார்.

"பொறந்ததுலேர்ந்தே கீதா, இல்ல போன வாரம் வந்துதா?"

"பொறந்ததுலேர்ந்து சார்."

"நீ பொறந்தத நீ பாத்தியா?"

பையன் தலையைச் சொறிந்தான். யாராவது பதில் இல்லாமல் நின்றால் ஜெபதாஸுக்கு ஒரு சின்னத் திருப்தி. பேனாவைத் திறந்து, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அங்க அடையாளங்கள் என்று அச்சடித்திருக்கும் இடத்தில், இடது முன்னங்கையில் ஒரு கறுப்பு மச்சம் என்று குண்டு குண்டான இங்கிலீஷ் எழுத்தில் எழுதினார். மை காய்கிற வரையில் பையனின் கையை விடவில்லை. விட்டால் மச்சம் எங்காவது போய்விடும் என்று பயந்தாரோ என்னவோ.

மண்ணூரிலிருந்து சைக்கிளில் அரைமணி தூரத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் உயர்நிலைப் பள்ளியில் அவர் பத்தொன்பது வருஷமாகக் குமாஸ்தா. வயது நாற்பத்தாறு. அதையும் அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். மற்றவர்கள் சொல்லும் வயதை அவர் நம்பியதே கிடையாது. பிள்ளையைச் சேர்க்க வருகிற தகப்பன் தேதி சொன்னால், "அன்னிக்கி மழையா வெயிலா?" என்று கேட்பார். தகப்பன் திருதிருவென்று விழிப்பான். பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு, வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால், "கையி நீளமா கீது, வயசு கம்மிதான்" என்பார். தொடாவிட்டால் வயது கம்மி என்பதில் சந்தேகமே இல்லை.

சைக்கிளைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடப்பார். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். பால் கறக்க வரும் ஆள் பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் மாட்டின் மடியில் கை வைக்க வேண்டும். தபால் வந்தால் முதலில் முத்திரையில் இருக்கும் தேதி, பிறகு ஒட்டிய இடம், கடைசியாகத்தான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் தலைகுனிந்து ஜெபிக்கும்போது இவர் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பார், வேறு யாராவது கண்ணைத் திறந்து வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்காக. போதகருக்கு இது தெரியும். எப்படித் தெரியும் என்று அவரை யாரும் கேட்டதில்லை.

பிள்ளைகளின் உடம்பில் அடையாளம் தேடும் வேலையில் அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. மச்சம் என்றால் சந்தோஷமாக எழுதுவார். மச்சமே கிடைக்காத உடம்புக்குத் தழும்பு. மாடு முட்டியது, மரத்திலிருந்து விழுந்தது, வெந்நீர் கொட்டியது என்று ஏதாவது ஒரு தழும்பு இல்லாத பிள்ளை அந்தப் பக்கத்தில் பிறக்கவில்லை. பச்சை குத்தியிருந்தால் மட்டும் எழுத மாட்டார். "இது மனுசன் போட்டது. ஆண்டவர் போட்டத்தத்தான் நான் எழுதுவேன்" என்று சொல்லிவிடுவார். பெண்பிள்ளைகளைத் தையல் டீச்சர் தனியாக அழைத்துப் போய்ப் பார்த்து, சீட்டில் எழுதிக் கொண்டுவந்து கொடுப்பாள். அந்தச் சீட்டை இரண்டு நாள் வைத்திருந்து, அவளையே மறுபடி கேட்பார். இரண்டாம் தடவையும் அதே பதில் வருகிறதா என்று பார்ப்பார்.

அந்த வருஷங்களில் பையன்கள் கையில் கட்சிச் சின்னம் குத்திக்கொள்வது ஒரு காய்ச்சலாகப் பரவியிருந்தது. மீசை அரும்புவதற்கு முன்னால் சின்னம் அரும்பிவிடும். ஒரு தகப்பன் மகனைக் காதைத் திருகி இழுத்துக்கொண்டு ஆபீஸுக்கே வந்துவிட்டார். பச்சையைச் சுண்ணாம்பு வைத்துப் பொசுக்கப் பார்த்திருக்கிறார். பையன் கை வெந்து புண்ணாகி, புண்ணுக்கு நடுவில் சின்னம் சாவகாசமாக இருந்தது. "இத்த அழிக்க மருந்து கீதா சார்? நாளிக்கி கவர்மெண்டு மாறிச்சின்னா இவனுக்கு எவன் வேல குடுப்பான்?" என்று அழாத குறையாகக் கேட்டார். அடுத்த வாரமே இன்னொரு தகப்பன் வந்து, மகன் கையில் இருக்கும் அதே சின்னத்தைப் புத்தகத்தில் எழுதித் தரச் சொன்னார். "புத்தகத்துலயே இருந்தா நாளிக்கி ஒதவும் சார்." ஜெபதாஸ் இருவரையும் ஒரே பார்வை பார்த்து அனுப்பினார்.

"பச்ச குத்திக்கினவன் எதையோ மூடறான்னு அர்த்தம்" என்பது அவருடைய கட்சி. பட்டாளத்துக்கு ஆள் எடுத்த இடத்தில், புத்தகத்தில் எழுதியிருந்த மச்சம் உடம்பில் இல்லை என்று படப்பை ஊர்ப் பையன் ஒருவனைத் திருப்பி அனுப்பிய கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அது வேறு பள்ளிக்கூடத்துப் புத்தகம் என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவரின் வீட்டில், எழுபத்தாறாம் வருஷத்துக் கத்திரி வெயிலில், அவருடைய ஒரே மகள் கிரேசி மணிக்கட்டு வரையில் நீண்ட கை வைத்த ஜாக்கெட் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள்.

கிரேசிக்குப் பதினாறு முடிந்து பதினேழு. அப்பாவின் பள்ளியிலேயே எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் பயிற்சிக்கு மனு போட்டாயிற்று. பாஸாகிவிட்டால் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று போதகரே சொல்லியிருந்தார். அந்தக் குடும்பத்தில் ஒரு பெண் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு சம்பாதிக்கப் போவது அதுவே முதல் தடவை. ஜெபதாஸ் வெளியே காட்டிக்கொள்ளவில்லை; ஆனால் அந்த மனுவின் நகலை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

முதல் நாள் அந்த ஜாக்கெட்டைப் பார்த்தபோது, காய்ச்சலா என்று கேட்டார். இல்லை என்றாள். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் வேறு நிறத்தில், ஆனால் அதே நீளக் கை. காற்று என்பதே மறந்துபோன மே மாதம். கோழி கூட வாயைத் திறந்துகொண்டு நிழலில் கிடந்தது. மனைவி அன்னபுஷ்பத்தைச் சமையல் கட்டில் மடக்கிக் கேட்டார்.

"இன்னா இது புதுசா?"

"பொண்ணு வளந்துட்டா. அடக்கமா போட்டுக்கினா உங்களுக்கு இன்னா கஷ்டம்?"

அன்னபுஷ்பம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். அடுப்பில் நெருப்பு இல்லை. ஜெபதாஸ் அதைக் கவனித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வீடே விசாரணைக் கூடமாயிற்று. உயரப் பலகையில் இருக்கும் டப்பாவை எடுக்கச் சொன்னால் துணி சரிந்து கை தெரியும் என்று கணக்குப் போட்டார். கிரேசி வலது கையால் எடுத்தாள். வலது கை சுத்தமாக இருந்தது. ஆக, விஷயம் இடது கையில். கிணற்றில் நீர் இறைக்கச் சொன்னார். அவர் எழுந்திருப்பதற்கு முன்பே நாலு குடமும் நிறைந்திருந்தன. அவளுடைய பழைய நோட்டுகளை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு நோட்டின் கடைசி அட்டையில் பென்சிலால் புள்ளி வைத்துக் கோடு வளைத்து ஏதோ போட்டிருந்தது. கோலம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஜெபதாஸ் புள்ளிகளை எண்ணினார். பதினொன்று.

மண்ணூரில் பதினோராம் நம்பர் வீட்டில் யார்? தபால்காரர் குடும்பம். அவருக்கு ஒரு மகன், தசரதன், இருபது வயது, சுருட்டை முடி, சைக்கிளில் மணி அடிக்காமல் போகிற பழக்கம். போதாதா? இரண்டு நாள் மாலையில் அந்த வீட்டைத் தாண்டிச் சைக்கிளில் போவதும் வருவதுமாக இருந்தார். மூன்றாம் நாள் தசரதனே வாசலுக்கு வந்து, "இன்னா சார், எதுனா தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியிலும் உள்ளர்த்தம் இருப்பதாக அவருக்குப் பட்டது. மகள் கையில் அவன் பெயர் முழுசாக எழுதியிருக்கிறதா, முதல் எழுத்து மட்டுமா என்பதுதான் இனித் தெரியவேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டார்.

சிரிக்கிறோம், அவருக்குச் சிரிப்பாக இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. மகள் பரிமாற வரும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் அந்த நீளக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் தட்டை வைத்துவிட்டு அப்பால் போய்விடுவாள்.

முடிவு வந்தது. கிரேசி பாஸ். நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரிக் கடிதமும் வந்தது: இன்ன தேதியில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துடன் வரவும், அங்க அடையாளங்கள் டாக்டர் முன்னிலையில் சரிபார்க்கப்படும். ஜெபதாஸ் கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். சரிபார்க்கப்படும் என்ற சொல் அவருக்கு மிகவும் பிடித்த சொல். பத்து நாள் இருந்தது.

"கிரேசி, இங்க வா. கைய நீட்டு."

பள்ளிக்கூடக் குரல் அது. அவள் வலது கையை நீட்டினாள்.

"அந்தக் கை."

அன்னபுஷ்பம் சமையல் கட்டிலிருந்து கரண்டியோடு வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். கிரேசி அம்மாவை லேசாக ஒதுக்கிவிட்டு, முழங்கை வரையில் துணியைச் சுருட்டி ஏற்றினாள்.

முன்னங்கையின் நடுவில், அரை உள்ளங்கை அகலத்துக்கு, பச்சையில் ஒரு கோலம். புள்ளியைச் சுற்றி வளைகிற கோடு. வீக்கமெல்லாம் வற்றி, தோல் ஆறி, அழகாகவே பதிந்திருந்தது. ஜெபதாஸ் கையைப் பிடித்து நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார். எழுத்து எதுவும் இல்லை. தசரதனும் இல்லை, வேறு யாரும் இல்லை. இத்தனை நாள் தேடியது கிடைக்காத ஏமாற்றம் கூட அவர் முகத்தில் ஒரு கணம் வந்து போயிற்று. பிறகு அந்தக் கையை இன்னும் அருகில் இழுத்தார்.

"மச்சம் எங்க?"

போன வருஷம் தன் கையாலேயே தேய்த்துப் பார்த்து, தன் பேனாவாலேயே எழுதிய இரண்டு அடையாளங்களில் ஒன்று: இடது முன்னங்கையில் ஒரு கறுப்பு மச்சம். அது இப்போது கோலத்தின் பதினோரு புள்ளிகளில் ஒரு புள்ளி. எந்தப் புள்ளி என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

"யாரு குத்தினா? எதுக்கு?"

"எங்கூடப் படிச்ச லீலாக்கு கல்யாணம் வெச்சிருக்காங்க இல்லப்பா. பச்ச குத்தாம அனுப்ப மாட்டேன்னு அவங்க அம்மா சொல்லிட்டாங்க. அவ பயந்துகினு கட்டில் கீழ போயி ஒளிஞ்சிகினா. நா மொதல்ல குத்திக்கினா அவளும் வருவான்னு..."

"அதுக்கு உன் கையா?"

"வேற யாரு கைய குடுக்கறது?"

ஜெபதாஸ் நம்பவில்லை. அவர் நம்பியிருந்தால்தான் நாம் ஆச்சரியப்பட வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு சைக்கிளில் நேராக லீலாவின் வீட்டுக்குப் போனார். லீலாவின் அம்மா செங்கமலம் களத்தில் கேழ்வரகு காயவைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரையில் பச்சை. விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"இன்னா சார், நல்லாத்தான கீது! பச்ச இல்லாத கையால தண்ணி குடுத்தா எங்க ஜனத்துல மாமியார்காரி வாங்கமாட்டா. எம்பொண்ணு பத்தாவது படிச்சுப்புட்டு அசிங்கமா கீதுன்னு அழுவறா. உங்க பொண்ணுதான் வந்து மொதல்ல குந்துனா. குத்தறவ பாட்டு பாடிகினே குத்தறா, ஊசி ஏறுது, எறங்குது, கண்ணுல ஒரு சொட்டு தண்ணி வரல. அதப் பாத்துத்தான் இவ வந்தா."

"பெத்தவங்களக் கேக்காம வேத்து வூட்டுப் பொண்ணுக்குக் குத்துவீங்களா?"

"நான் கேட்டேன் சார். உங்க அப்பாருகிட்ட சொல்லிட்டியாம்மான்னு கேட்டேன். சொன்னா நம்பமாட்டாரு, சொல்லாங்காட்டி அவரே கண்டுபுடிச்சிக்குவாருன்னா."

உள்ளே இருந்து லீலா வந்து, கூப்பிடாமலே கையை நீட்டினாள். அதே கோலம், அதே பதினோரு புள்ளி. ஜெபதாஸின் கட்டைவிரல் வாய் வரைக்கும் போய்விட்டது. பிறத்தியார் பெண் என்று நினைவு வந்து கையை இறக்கிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். மகள் சொன்னது நிஜம். நிஜம் என்று தெரிந்த பிறகும் நெஞ்சு லேசாகவில்லை. பத்து நாளில் ஒரு டாக்டர் அவள் கையைத் திருப்பிப் பார்க்கப்போகிறார். புத்தகத்தில் மச்சம், கையில் கோலம். படப்பைப் பையனைத் திருப்பி அனுப்பியது போல இவளையும் அனுப்பிவிட்டால்? இந்தப் புத்தகம் வேறு பள்ளிக்கூடத்துப் புத்தகம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஒவ்வொரு எழுத்தும் அவருடைய குண்டு எழுத்து.

வீட்டில் அன்னபுஷ்பம் காத்திருந்தாள். முதல் நாளே பார்த்துவிட்டதையும், மஞ்சளும் எண்ணெயும் பூசியதையும், சபையில் நாலு பேர் பார்த்தால் என்ன ஆகும் என்று ஒருபாட்டம் அழுததையும், அந்த நீளக் கைகளைத் தானே தைத்ததையும் ஒப்புக்கொண்டாள். அவர் கத்தினார். உடம்பைக் கெடுத்துக்கொண்டாள், உத்தியோகத்தைக் கெடுத்துக்கொண்டாள், பெற்ற தாயே உடந்தை, இனிமேல் இந்த வீட்டில் யாரை நம்புவது என்று ஆரம்பித்து, பச்சை குத்துகிறவர்கள் எல்லாரையும் ஒரு சுற்று சுற்றி வந்தார். அன்னபுஷ்பம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"மச்சம் போச்சுன்னா நெத்தித் தழும்ப எழுதுங்களேன்."

ஜெபதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"போன வருசமே அத்த ஏன் எழுதல? மூஞ்சியிலயே கீது. ஊருக்கெல்லாம் தழும்பு எழுதறீங்க. இவளுக்கு மட்டும் ரெண்டு மச்சம் தேடினீங்க. அவளுக்கு மொத மொத பச்ச குத்தினது யாருங்க?"

பத்து வருஷத்துக்கு முந்தைய சங்கதி. கிரேசிக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் சர்டிபிகேட் பீரோ சாவி காணாமல் போயிற்று. வீட்டில் தேடினார். குழந்தை சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு விளையாடியதை நேற்றுப் பார்த்த ஞாபகம். எங்கே என்று கேட்டார், எடுக்கவில்லை என்றாள். மறுபடி கேட்டார், மறுபடி எடுக்கவில்லை என்றாள். பொய் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத்தான் எப்போதும் தெரிந்துவிடுமே. மேஜை மேல் மூடி திறந்திருந்த மசிப்புட்டியை எடுத்து வீசினார். சுவரைப் பார்த்துத்தான் வீசினேன் என்று பிறகு சொன்னார். புட்டி இடது புருவத்துக்கு மேல் பட்டு உடைந்தது. ரத்தமும் நீல மசியுமாக வழிந்தது. மசி காயத்துக்குள்ளேயே தங்கி, தழும்பு ஆறிய பிறகும் ஒரு விரற்கடை நீளத்துக்கு நீலமாக நின்றுவிட்டது. சாவி மறுநாள் வண்ணாத்தி கொண்டுவந்து கொடுத்த அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

படியில் விழுந்துவிட்டாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். போதகருக்கும் அதையே சொன்னார்கள். அன்றைக்குப் பிறகு ஜெபதாஸ் மகளை ஒரு அடி அடித்ததில்லை. அடிக்காததைப் பற்றி அவருக்குள் ஒரு பெருமை கூட இருந்தது. கிரேசி தனக்குத் தானே தலைவாரும் வயது வந்ததும் முடியை இடது பக்கம் தாழ்த்தி வாரிக்கொள்ளப் பழகினாள். மண்ணூர்ப் பெண்களில் அப்படி வாருகிறவள் அவள் ஒருத்திதான். அதற்கு மட்டும் என்ன காரணம் என்று அந்த வீட்டில் யாரும் யாரையும் விசாரித்ததில்லை.

திங்கட்கிழமை மகளைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். புத்தகத்தில் எழுதியதைத் திருத்த வேண்டுமானால் தலைமையாசிரியர் முன்னிலையில் திருத்தி, திருத்தத்தின் பக்கத்தில் அவர் கையெழுத்துப் போடவேண்டும். பிள்ளையும் நேரில் நிற்கவேண்டும். எதிரே தசரதன் சைக்கிளில் வந்தான். இந்தத் தடவை மணி அடித்துவிட்டுப் போனான்.

தலைமையாசிரியர் கோதண்டராமன் நல்ல மனிதர், எதையும் நம்பிவிடுவார். ஜெபதாஸுக்கு அவரிடம் உள்ள ஒரே குறை அது. கிரேசியின் கையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், சிரித்தார்.

"இதுக்கா இவ்வளவு கவலை? மச்சத்தை அடிச்சிட்டு, இடது கையில் கோல வடிவத்தில் பச்சைன்னு எழுதிடுங்க. மத்த பள்ளிக்கூடங்களில் பாதிப் பெண்களுக்கு அப்படித்தானே எழுதுறாங்க. டாக்டர் பார்த்ததும் தெரியும். நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

எவ்வளவு சுலபமான வழி! ஒரு வரி எழுதினால் போதும், வேறெதையும் யாரும் பார்க்க வேண்டியதில்லை. இத்தனை வருஷமாக அதை எழுத மாட்டேன் என்று திருப்பி அனுப்பிய தகப்பன்மார்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். ஜெபதாஸ் சிவப்பு மைப் பேனாவைத் திறந்தார். பக்கத்தில் மகள் நிற்பதை ஓரக்கண்ணால் பார்த்தார். பேனாவை மூடினார்.

"வாணாம் சார். அவளுக்கு நெத்தியில ஒரு தழும்பு கீது. அத்த எழுதிடறேன்."

"நெத்தியிலா? நான் பார்த்ததே இல்லையே. எப்படிப் பட்டது?"

ஜெபதாஸ் வாயைத் திறப்பதற்குள் கிரேசி சொன்னாள்: "சின்ன வயசுல படியில வுழுந்துட்டேன் சார்."

குரல் தடுமாறவில்லை. கண் இமைக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக எத்தனையோ பிள்ளைகள் அந்த அறையில் நின்று அவரிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள்; ஒருவருக்கும் இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. அப்பாவைக் காப்பாற்றச் சொல்கிறாள் என்பது அவருக்கு விளங்கியது. எத்தனை வருஷமாகச் சொல்லிப் பழகியிருந்தால் இப்படி வரும் என்பதும் விளங்கியது.

"சரி, அளந்து எழுதிடுங்க" என்றார் கோதண்டராமன்.

ஜெபதாஸ் மேஜையிலிருந்த ஸ்கேலை எடுத்துக்கொண்டு மகளிடம் போனார். முடியை ஒதுக்குவதற்காக இன்னொரு கையை அவள் நெற்றிப் பக்கம் தூக்கினார்.

கிரேசியின் கண்கள் இறுக மூடின. இடது கை தானாக எழும்பி முகத்துக்குக் குறுக்கே வந்து நின்றது. சுருட்டிவிட்ட துணிக்குக் கீழே அந்தக் கோலம் அப்பாவுக்கு நேரே தெரிந்தது. ஒரு கணம்தான், உடனே கண்ணைத் திறந்து, "ஒண்ணுமில்லப்பா" என்று சிரிக்கப் பார்த்தாள். ஆனால் கை கீழே இறங்கவில்லை. கோதண்டராமன் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, முதலில் அவளைப் பார்த்தார், அப்புறம் ஜெபதாஸைப் பார்த்தார்.

ஜெபதாஸ் இரண்டடி பின்னால் வந்தார். ஸ்கேலைச் சத்தம் வராமல் மேஜை மேல் வைத்தார். வெறும் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டார்.

"நீயே ஒதுக்கிக் காட்டு, கண்ணு" என்றார். அவள் கை இறங்குகிற வரையில் அப்படியே நின்றார்.